பிள்ளை கிடக்கும் அறை வாசலில் ஒரு வாளித் தண்ணீர்: சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், இரு பிராந்தியங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஓர் அன்னையர் ஆதரவுக் குழுவில் பல வருடமாக இருப்பவள். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய், தாயோடும் வீட்டாரோடும் இருந்து கதைத்து வருவதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. அந்த வீடுகளில் கண்டதை வைத்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். கை கழுவுவது பற்றிய பேச்சைத் தாயோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளை கிடக்கும் அறை வாசல் வரைக்கும் தண்ணீரும் சவர்க்காரமும் வர வேண்டும். அதைக் காவல் பார்க்கிற பொறுப்பை அந்த வீட்டு அம்மம்மாவிடம் நீங்களே நேரில் ஒப்படைக்க வேண்டும்.

உங்கள் பணிமனைகள் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. கர்ப்பிணித் தாய்மார் வகுப்பில், நாங்கள் மிஸ் என்று கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லிக் கொடுக்கிறார். தாய்மாரைக் கேட்டால் ஒன்றும் விடாமல் சொல்லுவார்கள்: மலசலகூடம் போய் வந்தால், பிள்ளையின் மலத்தைத் துடைத்தால், பால் கொடுக்க முன், தொப்புளைத் தொட முன். எல்லாம் தெரியும். அப்புறம், பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் அதே தாயின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அறைக்குள் தாயும் பிள்ளையும். சிசேரியன் என்றால் எழும்பி இருக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டும். கிணறு வளவின் பின்பக்கம். குழாய்த் தண்ணீர் வந்த வீடுகளிலும் குழாய் முற்றத்தில்தான் நிற்கிறது. பொழுதுபட்டால் பிள்ளை பெற்றவள் வெளியே இறங்கக் கூடாது, காற்றுக் கறுப்பு அண்டும் என்று வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுகிறது. துணி நனைந்து, மலமும் போயிருக்கிறது. தாய் சிமினி விளக்கு வெளிச்சத்திலோ போன் வெளிச்சத்திலோ துணியை மாற்றுகிறாள். துடைத்த கையைப் பக்கத்தில் கிடக்கும் பழஞ்சீலையில் ஒற்றிவிட்டு, பிள்ளை வீரிட்டு அழுவதால் உடனே தூக்கிப் பால் கொடுக்கிறாள். சற்று முன் தன்னுடைய உதிரத் துணியை மாற்றியதும் அதே கைதான். அந்தப் பெண் சாதாரண தரம் சித்தியடைந்தவள், வகுப்புக்கு ஒழுங்காக வந்தவள். அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. அது சின்னச் சாதனை இல்லை. சுகப்பிரசவம் என்றால் ஓரிரு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் பத்து நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஒழுங்கு. எங்கள் பக்கத்து மிஸ்மார் மழையிலும் வெயிலிலும் ஸ்கூட்டியில் வந்து அதைச் செய்கிறார்கள். ஆனால் பச்சைப் பிள்ளைக்கு ஆபத்தான காலம் என்று நீங்களே சொல்லும் முதல் 28 நாளில், மிஸ் வீட்டில் நிற்பது மொத்தமாகச் சில மணித்தியாலம்தான். மற்ற நேரம் முழுக்க அந்தப் பிள்ளை வீட்டாரின் கையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அந்த வீடு யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும். கலியாணம் முடித்த பெண் தாய் வீட்டிலோ தாய் வீட்டை ஒட்டிய வளவிலோதான் இருப்பாள். அவள் பிள்ளை பெற்று வந்தால் அறைக்குப் பொறுப்பு அவளுடைய அம்மா. பிள்ளையைக் குளிப்பாட்டுவது அவர். சரக்கு அரைப்பது அவர். பத்தியம் எது, ஆகாதது எது, யார் அறைக்குள் வரலாம், யார் வாசலோடு திரும்பலாம் என்று தீர்ப்பது அவர். இருபத்திரண்டு வயதுத் தாயின் சொல் அங்கே எடுபடாது. எங்கள் கை கழுவும் படங்களில் எல்லாம் ஒரு இளம் தாயும் குழந்தையும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் அம்மம்மா எங்கே?

அம்மம்மாமாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. துப்புரவு அவர்களுக்குப் புதிது இல்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் தலையில் தண்ணீர் ஊற்றாமல் பிள்ளை கிடக்கும் வீட்டுக்குள் கால் வைக்க விடமாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு, என்று கண்டவரும் வந்து புழங்காமல் காத்து வைத்தவர்கள் அவர்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் பச்சைப் பிள்ளைக்கு நன்மை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். இந்தப் பழக்கங்களை மூடநம்பிக்கை என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, பிறகு அதே அம்மம்மாவிடம் சவர்க்காரம் பற்றிப் பேசப் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார். அவரிடம் ஏற்கெனவே உள்ள சட்டத்தோடு இன்னொரு சட்டத்தைச் சேர்ப்பதுதான் வழி. "செத்த வீட்டுக்குப் போனால் முழுக்கு; பிள்ளையைத் தொடுவதென்றால் சவர்க்காரம்." இப்படிச் சொன்னபோது தலையாட்டிய அம்மம்மாமாரை நான் கண்டிருக்கிறேன்.

அவர்கள் தடுக்கிற இடமும் ஒன்று உண்டு. "பச்சை உடம்புக்காரி, தண்ணியில கை வைக்கப்படாது, குளிர் ஏறினா சன்னி வந்திரும்." இதை எதிர்த்து வாதாடி நான் யாரையும் மாற்றியதாக ஞாபகம் இல்லை. வாதாடத் தேவையும் இல்லை. அந்த வீட்டில் வேது குளிக்க நொச்சியும் பாவட்டையும் போட்டு அவித்த தண்ணீர் நாள் தவறாமல் இருக்கிறது. சூடாறிய வெந்நீர் ஒரு போத்தலில் எப்போதும் இருக்கிறது. கை கழுவத் தண்ணீர் குளிராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அழுக்கையும் கிருமியையும் தோலிலிருந்து கழற்றி விடுவது சவர்க்காரமும் தேய்ப்பும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவட்டும். அம்மம்மாவின் மனதும் நோகாது, பிள்ளையும் தப்பும்.

சரி, வாசலுக்குத் தண்ணீர் எப்படி வரும்? அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் பூட்டிய மூடி வாளி. அதை வைக்க ஒரு ஸ்டூல் அல்லது இரண்டு சீமெந்துக் கல். கீழே வழிகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு பழைய பேசின். சவர்க்காரத்தை ஒரு வலைப் பையில் போட்டுக் குழாயோடு கட்டிவிட்டால் கீழே விழாது, கரையாது, காகமும் தூக்காது. துடைக்க ஒரு சுத்தமான சீலைத் துண்டு, நாளுக்கு நாள் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கையை உதறிக் காயவிடலாம். கோப்பையால் அள்ளி ஊற்றினால் கழுவாத கைதான் கோப்பையைப் பிடிக்கும், அதனால் குழாய் அவசியம். 2020இல் கொரோனா வந்தபோது இப்படியான வாளியும் பீப்பாவும் ஒவ்வொரு கடை வாசலிலும், கந்தோர் வாசலிலும், கோயில் வாசலிலும் நின்றன. காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற இரும்புச் சட்டங்கள் எத்தனை செய்தோம்! இன்று அவை பிரதேச செயலகங்களின் பின்பக்கத்திலும் பாடசாலைக் களஞ்சியங்களிலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றில் பாவிக்கக் கூடியதைத் திருத்தி, பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாற்பது நாள் இரவலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கலாமே. எங்கள் குழுவால் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியும்.

சவர்க்காரத்துக்குக் காசு இல்லை என்று ஒரு பேச்சு வரும். 2022 நெருக்கடியில் விலை ஏறியபோது சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பாவித்த வீடுகள் எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் இன்னும் முற்றாகப் போகவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த வீட்டில் வேறு ஒன்றும் நடக்கிறது. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பேபி சோப், பவுடர், கொலோன் என்று பெட்டி பெட்டியாகத்தான் கொண்டு வருகிறார்கள். அவை கண்ணாடி அலுமாரிக்குள் பொலித்தீன் கழற்றாமல் அடுக்கிக் கிடக்கும். அவற்றைக் கொண்டுவந்தவரோ பஸ்ஸில் பிடித்து வந்த கையோடு, மீன் வாங்கிய கையோடு, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டுப் போவார். அந்த அலுமாரியில் இருப்பதில் ஒன்றைப் பிரித்து வாசலில் கட்டுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். இதை மிஸ் சொன்னால் இன்னும் வேகமாக நடக்கும்.

வருகிறவரிடம் "கையைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். மாமியாருக்கு எப்படிச் சொல்வது? கணவனின் பெரியம்மாவுக்கு? "எங்களை ஊத்தை எண்டு நினைச்சிட்டாளோ" என்று மனத்தாங்கல் வந்துவிடும். அது பிறகு அடுத்த கலியாண வீடு வரைக்கும் இழுபடும். இந்த மனத்தாங்கல் படிக்காதவர்களுக்கு மட்டும் வருவது இல்லை. 1847இல் வியன்னாவின் பெரிய வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவ விடுதிக்கு வருகிற வைத்தியர்கள்தான் தாய்மாருக்குக் காய்ச்சலைக் கொண்டு வருகிறார்கள் என்று கண்டுபிடித்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கியது. அப்படியிருந்தும் அந்தக் காலத்துப் பெரிய வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கையையா அழுக்கு என்கிறான் என்ற கோபமும் அதில் இருந்தது. மெத்தப் படித்தவர்களுக்கே அப்படி என்றால், எங்கள் ஊர்ப் பெரியம்மாவிடம் ஒரு பச்சை உடம்புக்காரி எப்படித் தனியாக நின்று சொல்வாள்?

அதனால் அவளுக்கு உங்கள் பெயர் வேண்டும். பெரிய செலவு இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். ஒரு மட்டை அச்சடியுங்கள். அரசாங்க இலச்சினையும் சுகாதார வைத்திய அதிகாரியின் ஒப்பமும் இருக்கட்டும். வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டும்போதோ, மிஸ் முதல் தடவை வரும்போதோ அதைக் கொடுத்து அறை நிலையில் மாட்டச் சொல்லுங்கள். "இந்த வீட்டில் பச்சைப் பிள்ளை உண்டு. சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பின் தொடவும். தடிமன், இருமல், காய்ச்சல், வயிற்றோட்டம் உள்ளவர்கள் வாசலில் நின்று பார்த்துச் செல்லவும். பிள்ளையைக் கொஞ்ச வேண்டாம்." இவ்வளவு போதும். அது தொங்கினால் தாய் வாய் திறக்கத் தேவையில்லை. அம்மம்மா சொல்லிக்கொள்ளுவார்: "நான் என்ன செய்ய, மிஸ் வந்து கட்டிட்டுப் போனவ. கழுவாட்டி அவ பேசுவா. இந்தா தண்ணி, கழுவிட்டு மறுகா வந்து புள்ளையைத் தூக்கு." பழி உங்கள் மேல் போகட்டும். அந்தப் பழியைச் சுமக்க உங்களால் முடியும், அவளால் முடியாது.

கை கழுவுவது பிள்ளையைக் காக்கும், ஆனால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு வெளியிலும் ஆதாரம் உண்டு. தென் நேபாளத்தில் 23,000க்கு மேற்பட்ட பச்சைப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. பிள்ளையைத் தொடமுன் கை கழுவிய தாய்மாரின் பிள்ளைகளிடையே, கழுவாதவர்களின் பிள்ளைகளோடு பார்க்க, முதல் மாத இறப்பு 44 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே பெரும்பாலான பிரசவம் வீட்டில் நடந்தது, எங்கள் நிலை வேறு. அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. என்றாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. இன்னொரு பக்கம், வங்காளதேசத்தில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் கை கழுவச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். சவர்க்காரமும் தண்ணீரும் ஓரிடத்தில் வைத்திருந்த வீடுகள் கூடின. ஆனால் இருந்து கவனித்துப் பார்த்தபோது, கழுவ வேண்டிய வேளைகளில் தாய்மார் கழுவியது குறைவாகவே இருந்தது. வாளி வந்தும் போதவில்லை. வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது பழக்கமாக வேண்டும்; ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆகவே கர்ப்பத்தின் எட்டாம் மாதம் மிஸ் வீட்டுக்குப் போகும்போது அம்மம்மாவையும் பக்கத்தில் இருத்தட்டும். கணவன் வீட்டில் நின்றால் அவரையும். "பிள்ளை எந்த அறையில கிடக்கும்? வாளி எங்க வைப்பீங்க?" என்று கேட்டு, இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும். குளிப்பாட்டும் கையில் மோதிரம், காப்பு, நீள நகம் கூடாது என்பதையும் தொப்புளில் மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் போடாமல் காய விட வேண்டும் என்பதையும் அம்மம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு மிஸ் இரண்டு பிரிவைப் பார்க்கிற இடங்களில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெற்றிடங்களை நிரப்புங்கள் என்பதுதான் முதல் பதில். அது வரும்வரை எங்களைப் போன்ற குழுக்களை அனுப்புங்கள், நாங்கள் போவோம்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்துச் சகோதரிகளோடும் கதைத்திருக்கிறேன். அங்கேயும் உம்மாவின் வீட்டில்தான் மகள் பிள்ளை பெறுகிறாள். அங்கேயும் அறைக்குப் பொறுப்பு மூத்தம்மாதான். ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை கால் முகம் கழுவி வுளூச் செய்யும் வீட்டுக்குக் கை கழுவுவதை யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் அதோடு சவர்க்காரமும் சேரட்டும் என்பதைப் பள்ளிவாசல் சொன்னால் ஒரு கிழமையில் ஊர் முழுக்கப் போய்ச் சேரும். எங்கள் பக்கத்தில் கோயில் சடங்குக் காலத்தில் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. அதில் இரண்டு நிமிடம் கேட்டால் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர்மார் மறுக்க மாட்டார்கள்.

வைத்தியசாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஒரு பிள்ளைப்பேற்று விடுதியில் துணைக்கு நின்றிருக்கிறேன். பெயர் வேண்டாம். கை கழுவும் படம் சுவரில் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே இருந்த தொட்டியில் சவர்க்காரம் இல்லை. தாதிமார் தங்கள் மேசையில் மருந்து வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டார்கள், அது நல்லது. தாய்மாருக்கும் துணைக்கு நிற்பவர்களுக்கும் என்ன இருந்தது? பெற்று முடித்த முதல் நாளில் தாய் என்ன பார்க்கிறாளோ அதுதான் அவள் வீட்டுக்குக் கொண்டு போகும் பாடம். விடுதியில் ஒவ்வொரு தொட்டியிலும் சவர்க்காரம் இருக்கிறதா என்று நாளுக்கு ஒரு தடவை பார்த்து ஒப்பமிட ஒருவரை நியமியுங்கள்.

இதை ஏன் இப்போது அவசரமாக எழுதுகிறேன் என்றால், மாரி வரப்போகிறது. 2024 நவம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். படுவான்கரையில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே தண்ணீராகிவிடும். வவுணதீவு, வெல்லாவெளி, கிரான், வாகரை, திருக்கோவில், பொத்துவில் என்று தாழ்ந்த ஊர்களில் சனம் பாடசாலைகளில் போய் இருக்கும். அங்கே பச்சைப் பிள்ளையோடு வருகிற தாய் எங்கே கை கழுவுவாள்? இடைத்தங்கல் முகாமுக்குப் பாயும் அரிசியும் போகிற முதல் லொறியில், குழாய் வாளியும் சவர்க்காரமும் குளோரின் போட்ட தண்ணீரும் பிள்ளைத் தாய்மாருக்கென்று தனியாகப் போக வேண்டும். எந்த வீட்டில் ஒரு மாதத்துக்குட்பட்ட பிள்ளை இருக்கிறது என்ற பட்டியல் மிஸ்மாரின் பதிவேட்டில் ஏற்கெனவே உண்டு. அதைக் கிராம உத்தியோகத்தரிடம் ஒக்டோபரிலேயே கொடுத்து வைத்தால் போதும்.

கை கழுவினாலும் சில பிள்ளைக்குக் கிருமி தொற்றத்தான் செய்யும். குறைமாதத்தில், நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இன்னும் இலகுவாகத் தொற்றும். தாயிடமிருந்து எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். அதனால் அந்த மட்டையின் பின்பக்கத்தில் இதையும் அச்சடியுங்கள்: பிள்ளை பால் குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், உடம்பு சுட்டால் அல்லது குளிர்ந்து போனால், நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், வலிப்பு வந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், பார்வை பார்க்கவோ நூல் கட்டவோ காத்திருக்காமல் உடனே வைத்தியசாலை. மிஸ்ஸின் தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு கோடு விட்டு வையுங்கள். அவர் கையால் எழுதிக் கொடுக்கட்டும்.

மட்டையில் போடும் வசனங்களை எழுதித் தரவும், எட்டாம் மாத வீடுகளுக்கு மிஸ்ஸோடு கூடப் போகவும், வாளிகளைக் கொடுத்து வாங்கிக் கணக்கு வைக்கவும் எங்கள் குழு ஆயத்தம். முதலில் படுவான்கரையில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் அம்பாறைக் கரையோரத்தில் ஒன்றிலும் தொடங்கிப் பாருங்கள். எங்களை எந்த நாளில் கூப்பிட்டாலும் கந்தோருக்கு வருகிறோம். ஒக்டோபருக்கு முன் கூப்பிட்டால் இந்த மாரியில் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
அன்னையர் ஆதரவுக் குழு உறுப்பினர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.